ரோமாபுரியில் ஒரு சாப்பாட்டுக் கணக்கு

(வட்டத்தின் திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரோமாபுரி போய் வந்தீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தபோது அவர் எதிர்பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. மைக்கேலேஞ்சலோவின் விதான ஓவியங்களையும், சீசர் நடந்த மன்றத்தின் இடிபாடுகளையும் நான் விவரிப்பேன் என்று நினைத்திருப்பார். அவற்றை என்னிலும் நன்றாகச் சொன்னவர்கள் பலர் உண்டு. நானோ முப்பத்து நான்கு ஆண்டுகள் கூட்டுறவு வங்கியொன்றில் பேரேடு பார்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த துறையிலேயே நின்றுகொள்கிறேன். அந்நகரில் என் துணைவியாரும் நானும் எட்டு நாள் என்ன உண்டோம், அதற்கு என்ன கொடுத்தோம், எங்கே இழந்தோம், எங்கே மீட்டோம் என்ற வரவு செலவுக் கணக்கையே உங்கள் முன் வைக்கிறேன்.

இலக்கிய மேடையில் சாப்பாட்டுப் பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டா. பசியைப் பாடாத புலவர் நம் மொழியில் அரியர். பரிசில் பெற்று மீண்ட பாணன், எதிர்ப்பட்ட பாணனுக்கு வழி சொல்லும்போது எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்றும் சேர்த்தே சொன்னான். அந்த ஆற்றுப்படை மரபின் கடைசி வரிசையில் எனக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புறப்பட்டோம். என் பணிக்கொடையில், மகளின் திருமணச் செலவு போக மிஞ்சிய தொகை அது. இருவருக்கும் அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். அதுவே கடைசியாகவும் இருக்கலாம். அப்போது ஒரு யூரோ ஏறத்தாழ 90 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் துணைவியார் அந்த எட்டு நாளும் ஒரு கணம்கூட அதை மறக்கவில்லை.

முதல் நாள் மாலை. பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு, படங்களில் நீங்கள் எல்லோரும் கண்டிருக்கக்கூடிய ஒரு சதுக்கத்துக்குப் போனோம். நீரூற்று, விளக்கொளி, வயலின் இசை. ஓர் உணவகத்து வாயிலில் கறுப்பு மேற்சட்டை அணிந்த ஒருவர் குனிந்து வணங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டார். உணவுப் பட்டியலில் வண்ணப் படங்கள் இருந்தன. ஐந்து மொழிகளில் பெயர்கள் இருந்தன. படம் பார்த்து இரண்டு தட்டு பாஸ்தாவும் ஒரு கீரைக் கலவையும் சொன்னோம். கேளாமலே ரொட்டிக் கூடை வந்தது. கேளாமலே தண்ணீர்ப் புட்டியின் மூடி திறக்கப்பட்டது. பாஸ்தா குழைந்து ஆறிப்போயிருந்தது. என் துணைவியார் பாதியில் முள்கரண்டியை வைத்துவிட்டார்.

கணக்குச் சீட்டு வந்தது. பாஸ்தா இரண்டும் 34 யூரோ. கீரைக்கு 9. தண்ணீருக்கு 5. ரொட்டிக்குத் தலைக்கு 3 வீதம் 6. இவற்றின் மேல் பரிமாறுகூலி நூற்றுக்குப் பதினைந்து. ஆக மொத்தம் 62 யூரோ, 10 காசு. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் எழுதிய கணக்கை வரி வரியாகச் சோதித்த நான், அந்தச் சீட்டைப் படிக்காமலே பணத்தை வைத்துவிட்டு எழுந்தேன். அந்த மனிதர் குனிந்து வணங்கியிருந்தார் அல்லவா? வணங்கியவரிடம் கணக்குக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் துணைவியார் பேசவில்லை. படுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "என்னங்க, ஐயாயிரத்து அறுநூறு ரூபாய். பசி இன்னும் அப்படியே இருக்கு." அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணம் போனதைக் காட்டிலும், முப்பது ஆண்டுகளாகச் சிறுவாடு சேர்த்துக் குடும்பத்தை நிமிர்த்தியவரின் முகம் வாடியதுதான் வருத்தியது.

மறுநாள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பெட்டியில் புளிக்காய்ச்சலும் இட்லிப்பொடியும் அவலும் கொண்டுவந்திருந்தோம். சின்ன மின்அடுப்பும் இருந்தது. "இனி இந்த ஊர்ச் சாப்பாடே வேண்டாம். நான் செஞ்சு கட்டித் தர்றேன்" என்றார். பேச எனக்கு வாயில்லை. புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு, ஸ்பானியப் படிகள் என்று வழங்கும் புகழ்பெற்ற படிக்கட்டுக்குப் போனோம். மேல்படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். உடனே ஊதல் ஒலி கேட்டது. நகரக் காவலர் ஒருவர் கையை ஆட்டியபடி வந்தார். 2019 முதல் அந்தப் படிகளில் உண்பது மட்டும் அன்று, உட்காருவதே தடைசெய்யப்பட்டிருக்கிறது. மீறினால் தண்டம் சில நூறு யூரோ வரை போகலாம். எங்கள் வெள்ளைத் தலைகளைப் பார்த்தோ என்னவோ, எழுந்து போகச் சொன்னதோடு விட்டுவிட்டார். நன்றாகத் தின்று காசை விட்டது முதல் நாளும் அன்று. தின்னாமல் காசைக் காத்தது இரண்டாம் நாளும் அன்று. இரண்டும் இல்லாமல் பொட்டலத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினோம்.

அந்தப் படிகளின் காலடியில், வலப்புறத்து வீட்டில்தான் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் இறந்தார். இன்று அது அருங்காட்சியகம். கவிஞர் பெருமக்கள் கூடியிருக்கும் அவையில் அவர் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். என் கணக்கிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. சயரோகம் முற்றிய நிலையில், வெயில் பட்டால் பிழைப்பார் என்று மருத்துவர்கள் சொல்ல, 1820 நவம்பரில் கீட்ஸ் ரோமுக்கு வந்தார். உடன் வந்தவர் ஜோசப் செவர்ன் என்ற இளம் ஓவியர். வாடகை வீடு. சாப்பாடு பக்கத்துக் கடையிலிருந்து கூடையில் வரும். விலையோ அதிகம், சமையலோ மோசம். சொல்லிப் பார்த்தும் பயனில்லை. ஒரு நாள் கூடை வந்தது. கீட்ஸ் புன்னகையோடு சன்னலைத் திறந்தார். கூடையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தெருவில் கவிழ்த்தார். வெறுங்கூடையை எடுத்துப்போகுமாறு ஆளுக்குச் சைகை காட்டினார். அரைமணி நேரத்தில் அருமையான சாப்பாடு வந்தது. அதற்குப் பின் நாள்தோறும் நல்ல உணவே வந்தது. கொட்டிய உணவுக்கு விலையும் கேட்கப்படவில்லை. செவர்ன் எழுதி வைத்த செய்தி இது.

இதைக் கேட்டதும் என் துணைவியார் முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு சிரிப்பைக் கண்டேன். "இருபத்தஞ்சு வயசுப் பிள்ளை, சாகக் கிடந்தவன், கேட்டிருக்கான். நீங்க கேக்கலையே" என்றார். அவையோரே, அந்தச் சொல்தான் எங்கள் பயணத்தைத் திருப்பியது. ரோமில் நல்ல உணவுக்குப் பெரும்பணம் தேவையில்லை. கேட்கும் துணிவும் படிக்கும் பொறுமையும் போதும். முதல் நாள் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் எவரும் எங்களை ஏமாற்றவில்லை. ரொட்டி விலையும் பரிமாறுகூலியும் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைத் துணைவியார் நினைவுபடுத்தினார். நாங்கள் விலை கொடுத்தது சோற்றுக்கு அன்று. நாற்காலிக்கும் நீரூற்றுக்கும் வணக்கத்துக்கும். அவற்றை விலக்கிவிட்டுச் சோற்றுக்கு மட்டும் விலை கொடுப்பது எப்படி என்பதை அடுத்த ஆறு நாளில் கற்றோம். கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். ரோம் தெருக்களில் இடுப்பளவு உயரமுள்ள வார்ப்பிரும்புத் தூண்கள் நிற்கும். அவற்றின் வளைந்த குழாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். குழாய் மூக்குப் போல் இருப்பதால் 'நசோனே', பெரிய மூக்கு, என்று மக்கள் பெயரிட்டார்கள். 1874-இல் முதன்முதலாக வைக்கப்பட்டவை. இன்று ஏறத்தாழ 2,500 உள்ளன. சாக்கடை நீர் என்று எண்ணி இரண்டு நாள் ஒதுங்கிப் போனோம். மூன்றாம் நாள், கையில் காய்கறிப் பையோடு வந்த ஒரு மூதாட்டி, குழாயின் வாயை விரலால் அடைத்தார். குழாயின் முதுகிலிருந்த சிறு துளை வழியாக நீர் வில்லாக எழும்பியது. குனிந்து குடித்துவிட்டு எங்களைப் பார்த்து "நீங்களும்" என்பதுபோல் தலையசைத்துப் போனார். அந்த நீர் ஊர்க் குடிநீரே. அதன் குளிர்ச்சியை என்னால் இன்றும் நினைக்க முடிகிறது. கடையில் புட்டிக்கு ஐந்து யூரோ கொடுத்த பொருள் தெருமுனையில் இலவசம்! அன்று முதல் துணைவியார் தோளில் காலிப் புட்டி ஒன்று தொங்கிற்று.

இரண்டாவது காப்பி. இத்தாலியில் காப்பிக் கடைக்குப் 'பார்' என்று பெயர். வாசலில் அந்தச் சொல்லைக் கண்டு என் துணைவியார் உள்ளே வர மறுத்துவிட்டார். காலை ஏழரை மணிக்கு ஒரு கன்னியாஸ்திரீ அதே வாசல் வழியாக உள்ளே நுழைந்த பிறகுதான் வந்தார்! அங்கே ஒரே காப்பிக்கு இரண்டு விலை. உயரமான மேசையருகே நின்றபடி குடித்தால் ஒரு விலை. உட்கார்ந்து, கொண்டுவரச் சொல்லிக் குடித்தால் வேறு விலை. காட்சிக்குரிய இடங்களில் இந்த இரண்டாம் விலை மும்மடங்கும் நான்மடங்குமாக ஏறும். ஊர்மக்கள் நின்றேதான் குடிக்கிறார்கள். பல கடைகளில் முதலில் பணப்பெட்டியருகே சென்று, வேண்டியதைச் சொல்லிப் பணம் கட்டிச் சீட்டுப் பெற வேண்டும். அந்தச் சீட்டை மேசைமேல் வைத்தால் காப்பி வரும். நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலைகளில் டோக்கன் வாங்கும் முறையேதான். சுற்றுலாத் தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி, நாங்கள் நின்று குடித்த கப்புச்சீனோ 1 யூரோ 50 காசு. பிறைவடிவ இனிப்பு ரொட்டி 1 யூரோ 30 காசு. இருவர் காலை உணவும் 5 யூரோ 60 காசில் முடிந்தது. பாலேறிய காப்பி அங்கே காலைப் பானம். சாப்பாட்டுக்குப் பின் எவரும் அதைக் கேட்பதில்லை. நாம் கேட்டால் தருவார்கள், சற்று வியப்போடு. வெறுமே 'லாத்தே' என்று கேட்டால் ஒரு குவளைப் பால் வரும். எனக்கு வந்தது.

மூன்றாவது நடுப்பகல் உணவு. ரோமில் பிட்சாவைத் துண்டு போட்டு எடைக்கு விற்கிறார்கள். நீண்ட தட்டுகளில் வகை வகையாகச் சுட்டு வைத்திருப்பார்கள். 'இவ்வளவு' என்று விரலால் காட்டினால், கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் வைத்து, சூடாக்கி, தாளில் மடித்துக் கொடுப்பார்கள். விலை கிலோக் கணக்கிலோ, 'எத்தோ' எனப்படும் நூறு கிராம் கணக்கிலோ எழுதியிருக்கும். தக்காளியும் பூண்டும் எண்ணெயும் மட்டும் இட்டது மலிவு. என் நாவுக்கு அதுவே சிறந்தது. பாலாடைக்கட்டி இல்லாததால் மரக்கறி உண்போருக்கும் அது ஏற்றது. அரைக்கிலோவுக்கு 8 யூரோ ஆயிற்று. இருவர் வயிறும் நிறைந்தது. இந்த நூறு கிராம் கணக்கைப் பெரிய உணவகங்களில் மறக்கக்கூடாது. மீனுக்கு எழுதியிருக்கும் விலை முழு மீனுக்கு உரியது அன்று, பெரும்பாலும் நூறு கிராமுக்கு உரியது. மலிவு என்று சொல்லிவிட்டு, பின்னர்த் தட்டில் வந்த மீனைப் போலவே வாயைத் திறந்துகொண்டிருந்த ஒருவரை அடுத்த மேசையில் கண்டோம்.

நான்காவது இரவு உணவு. இங்கே படிக்கும் பொறுமை வேண்டும். வாயிலில் நின்று அழைப்பவர் இருந்தால் அங்கே போகாதீர். பட்டியலில் படம் இருந்தால் போகாதீர். பட்டியல் குறுகியதாக, இத்தாலிய மொழியில் மட்டும், கையால் எழுதியதாக இருந்தால் துணிந்து நுழையலாம். மாலை ஏழரை மணிக்கு முன் அடுப்பு மூட்டாத கடை ஊராருக்காக நடக்கும் கடை. ரோம் அடங்கிய லாட்சியோ மாநிலத்தில், மேசைக்கென்று தலைவரி வாங்கலாகாது என்று 2006-இல் சட்டம் வந்தது. ஆனால் ரொட்டிக்கு என்று வாங்கலாம். ஆகவே ரொட்டி வேண்டாம் என்றால் கூடை வரும்போதே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன். கடைக்காரர் சினந்துகொள்ளவில்லை, புன்னகைத்துக் கூடையை எடுத்துக்கொண்டார். முதல் நாள் இரவெல்லாம் என்னை வாட்டிய கூச்சம் எவ்வளவு வீண் என்று அப்போது உணர்ந்தேன்.

கிழமைக்கொரு சமையல் என்பதும் அந்நகரின் மரபு. வியாழனன்று உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள். வெள்ளியன்று மீன், அல்லது கொண்டைக்கடலையிட்ட பாஸ்தா. சனியன்று குடல். அந்தந்த நாளில் அதையதைக் கேட்டால் புதிதாகவும் கிடைக்கும், நிறைவாகவும் கிடைக்கும். பருவமும் பார்க்க வேண்டும். நாங்கள் போனது ஆர்ட்டிசோக் பருவம். தாமரை மொட்டுப் போன்ற அந்தப் பூமொட்டை யூதர் வாழ்ந்த பழைய தெருக்களில் முழுதாக எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். 1555-இல் போப்பாண்டவர் நான்காம் பவுலின் ஆணையால் யூதர்கள் அந்தச் சிறு வட்டாரத்துக்குள் மதில் கட்டி அடைக்கப்பட்டார்கள். நெருக்கடியான அந்த வாழ்வில் அவர்கள் கைப்பட்டு வளர்ந்த பண்டம் அது. இதழ்கள் அப்பளமாய் நொறுங்கும். நடுத்தண்டு வெண்ணெயாய்க் கரையும். மரக்கறி உண்ணும் என் துணைவியார் அதை இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார். அந்தப் பயணத்தில் அவர் விலையைக் கேட்காமல் வாங்கியது அது ஒன்றே.

இனி ஏழாம் நாளுக்கு வருகிறேன். அது சனிக்கிழமை. கீட்ஸின் கல்லறையைக் காண வேண்டும் என்று கேட்டவர் என் துணைவியார்தான். தெஸ்தாச்சோ என்ற உழைப்பாளர் வட்டாரத்தின் ஓரத்தில், பழைய ரோமானியப் பிரமிடு ஒன்றின் நிழலில் அந்த இடுகாடு இருக்கிறது. கல்லில் கவிஞரின் பெயர் இல்லை. அது அவர் விரும்பியபடி. பக்கத்துக் கல்லில் செவர்னின் பெயர் இருக்கிறது. கீட்ஸின் கடைசி வாரங்களைப் பற்றி அருங்காட்சியகத்தில் அறிந்தது அங்கே நினைவுக்கு வந்தது. நோய் வயிற்றில் இருப்பதாக எண்ணிய மருத்துவர், நாளுக்கு ஒரு நெத்திலி மீனும் ஒரு துண்டு ரொட்டியும் மட்டுமே கொடுக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் உணவு வேண்டும் என்று அந்தப் பிள்ளை கெஞ்சினார். மலிவாகவும் நன்றாகவும் உண்ணத் தெரிந்த ஊரின் நடுவே, தட்டைச் சன்னல் வழியாகக் கொட்டி நல்ல சோற்றைப் பெற்ற அதே இளைஞர், பசியோடு 1821 பிப்ரவரி 23-இல் கண்மூடினார். துணைவியார் கல்லின்முன் சற்று நேரம் நின்றார். பிறகு, "வாங்க, சாப்பிடப் போகலாம்" என்றார். அதைக் காட்டிலும் பொருத்தமான அஞ்சலி எனக்குத் தோன்றவில்லை.

அந்த வட்டாரத்தில்தான் ரோமின் பெரிய கால்நடை வெட்டுக்கூடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டு, 1975-இல் மூடப்பட்டது. வெட்டிய மாட்டின் நான்கு கால்பகுதிகளும் வசதி படைத்தோர் வீட்டுக்குப் போகும். எஞ்சிய வால், குடல், ஈரல் ஆகியவை தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தன என்பர். அதை அவர்கள் 'ஐந்தாம் கால்பகுதி' என்றார்கள். கணக்கில் இல்லாத ஒரு கால்! வால்கறியைத் தக்காளியிலும் செலரித் தண்டிலும் நெடுநேரம் வேகவைத்தார்கள். குடலைப் புதினா வகைக் கீரையும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் இட்டுச் சமைத்தார்கள். இன்று அவையே அந்நகரின் பெருமைக்குரிய உணவுகள். நம் ஊரில் ஞாயிறுதோறும் குடல் குழம்பு வைக்கும் வீட்டில் பிறந்தவன் நான். அன்று அந்தக் குடலைச் சுவைத்தபோது அந்நியமாகவே இல்லை. ஏழையின் நாக்கு எங்கும் ஒரே இலக்கணத்தைத்தான் கற்றிருக்கிறது.

துணைவியார் கேட்டது 'காச்சோ எ பேப்பே'. பாலாடைக்கட்டியும் மிளகும் என்பதே அதன் பொருள். பாஸ்தா, பெக்கோரீனோ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா வெந்த நீர். வேறொன்றும் இல்லை. கஞ்சி கலந்த அந்தச் சூடான நீரில் பாலாடைக்கட்டி உருகிக் குழம்பாகிறது. மூன்றே பொருள் என்பதால் ஒன்று தவறினாலும் மறைக்க இடமில்லை. குறள் எழுதுவோருக்கு இது புரியும். மரக்கறியில் கண்டிப்பானவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தப் பாலாடைக்கட்டியை உறையவைக்க மரபாக ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சுரப்பைப் பயன்படுத்துகிறார்கள். இதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை, சொன்னேன். அவர் சிறிது நேரம் தட்டைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நாள், அந்தப் பிள்ளைக்காக" என்று சொல்லி உண்டார். பிறகு கண்ணை மூடி மூச்சை இழுத்து, "நம்ம மிளகு வாசனைங்க" என்றார்.

அவையோரே, அந்த உணவகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குன்று நிற்கிறது. தெஸ்தாச்சோ என்ற பெயரே அக்குன்றால் வந்தது; ஓட்டுக் குன்று என்று பொருள். ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் எண்ணெய் வந்த மண்சாடிகளை, வெறுமையானதும் உடைத்து அடுக்கியே ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்துக்கு எழுந்த மலை அது. அதன் உடன்பிறப்புகளான ரோமானியச் சாடித் துண்டுகள் நம் அரிக்கமேட்டிலும் கிடைத்தன. யவனர் கலம் பொன் கொண்டுவந்து மிளகு கொண்டுசென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் சொல்கிறார், துறைமுகம் முசிறி. அதே வாணிகத்தை மறுகரையிலிருந்து பார்த்த ரோமானிய அறிஞர் பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பினார். கறுப்பு மிளகு பவுண்டுக்கு நான்கு தினாரியம் என்று விலையும் குறித்து வைத்தார். டொமிஷியன் என்ற பேரரசன் அந்நகரின் நடுவே மிளகுக்கென்றே பண்டகசாலை கட்டினான். நம் மிளகுக்கு அவர்கள் அன்று கொடுத்த பொன்னை எண்ணும்போது, முதல் நாள் இரவு நான் அவர்களிடம் விட்ட 62 யூரோ எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை!

"இப்போது உலகத்தில் மிளகு மிகுதியாக விளைவது வியட்நாமில், இது அங்கிருந்தும் வந்திருக்கலாம்" என்றேன், கணக்கனுக்கே உரிய கண்டிப்போடு. "எங்கிருந்து வந்தா என்னங்க, இதைத் தின்னக் கத்துக் குடுத்தது நாமதானே" என்றார். அந்தப் பதிலில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

கணக்கை முடிக்கிறேன். ஓர் இயல்பான நாளில் காலைக்கு 5 யூரோ 60. நடுப்பகலுக்கு 8. இரவில் இரண்டு தட்டு பாஸ்தா, வதக்கிய கீரை ஒரு தட்டு எனச் சேர்த்து 29. தண்ணீருக்குச் சுழி. ஆக 42 யூரோ 60 காசு. இருவர் மூன்று வேளை உண்டது, முதல் நாள் ஒரு வேளைக்குக் கொடுத்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இந்தச் சேமிப்பு பசியால் வந்தது அன்று. எட்டு நாளில் நாங்கள் பசித்திருந்தது முதல் இரவும் இரண்டாம் நாளும் மட்டுமே. ஒன்று ஏமாந்ததால், மற்றொன்று அஞ்சியதால்.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு என்று நம் பெரியோர் சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன். வேறுபாடு என்னவென்று அறிய எனக்கு அறுபத்து மூன்று வயதும் ஒரு கடல்கடந்த பயணமும் தேவைப்பட்டன. கருமி ஊரை விட்டு ஒதுங்கிக் காசைக் காக்கிறான். சிக்கனக்காரன் ஊரோடு சேர்ந்து நின்று காக்கிறான். அவர்கள் நிற்கும் இடத்தில் நிற்கிறான், குடிக்கும் நீரைக் குடிக்கிறான், சனிக்கிழமை அவர்கள் உண்பதைச் சனிக்கிழமை உண்கிறான். அப்படிச் சேர்ந்து நிற்பவனிடம் எந்த ஊரும் மிகையாகக் கேட்பதில்லை.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது புளிக்காய்ச்சல் புட்டி முக்கால் பங்கு அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் இன்று கூட்டம் முடிந்ததும் உங்களுக்குப் பரிமாற இருக்கும் புளிச்சோறு செய்தீரா என்று எவரேனும் ஐயுற்றால், இல்லை. இது நேற்றுக் காய்ச்சியது. என் துணைவியார் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சுவையில் குறையிருந்தால் தயங்காமல் கேளுங்கள். கேட்டவர்களுக்கு நல்ல சோறு கிடைக்கும் என்பதுதான் இவ்வுரையின் முழுப் பொருள்.